‘நல்லா படி’ என்றால் என்ன செய்ய வேண்டும்?

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்ததும் தமிழ்நாட்டில் ஒரு தனி எழுத்து வகைக்கு சீசன் தொடங்கிவிடும். பெயர் ‘பிளஸ் டூ மாணவர்களுக்குச் சில டிப்ஸ்’. நாளிதழ் இணைப்பில் வரும், யூடியூபில் வரும், ஆண்டு விழா சிறப்பு விருந்தினர் வாயிலிருந்து வரும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒருவர் காலை வணக்கத்தோடு சேர்த்து அனுப்புவார். படத்துக்கும் நாவலுக்கும் விமர்சனம் எழுதுகிறோம். லட்சக்கணக்கான பிள்ளைகள் வருடா வருடம் வாசித்து, நம்பி, மூன்று மாதம் அதன்படி வாழ முயற்சிக்கிற இந்த எழுத்துக்கு யாரும் விமர்சனம் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் ஒரு மாதமாகக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்துவைத்து, ஆபீஸில் பழைய லாக் ஃபைல்களைப் புரட்டுகிற அதே பொறுமையோடு படித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே எலும்புக்கூடுதான். அதிகாலை நாலு மணிக்கு எழு. டைம் டேபிள் போடு. காற்றோட்டமான அமைதியான அறையில் உட்கார். செல்போனைத் தொடாதே. வல்லாரையும் வெண்டைக்காயும் சாப்பிடு. முக்கியமான வரிகளைக் கலர் பேனாவால் அடிக்கோடு இடு. திரும்பத் திரும்பப் படி. பதற்றப்படாதே. கடைசியில் கலாம் பெயரைப் போட்டு கனவு பற்றி ஒரு வரி. அவ்வளவுதான்.

இதில் என்ன தப்பு, நல்லதுதானே சொல்கிறார்கள் என்று கேட்கலாம். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எப்போது உட்கார வேண்டும், எங்கே உட்கார வேண்டும், எத்தனை மணி நேரம், என்ன சாப்பிட்டுவிட்டு என்பதற்கெல்லாம் பதில் இருக்கிறது. உட்கார்ந்த பிறகு என்ன செய்வது? அதற்கு ஒரே ஒரு வினைச்சொல்தான்: ‘படி’. நம் மொழியில் பேப்பர் படிப்பதும் படிப்புதான், பி.இ. படிப்பதும் படிப்புதான். கண்ணை வரிமேல் ஓட்டுவதற்கும் ஒரு விஷயத்தைத் தனதாக்கிக்கொள்வதற்கும் ஒரே சொல். பேச்சு வழக்கில் அது பிரச்சினை இல்லை. அறிவுரை எழுதுகிறவர்கள் அந்த இரட்டை அர்த்தத்துக்குள் சுகமாக ஒளிந்துகொள்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை. ‘நல்லா படி’ என்று சொல்லிவிட்டால் ஏதோ வழி காட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. அந்தப் பிள்ளையோ முதல் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டுகிறது.

என் அக்கா மகள் இந்த வருடம் பிளஸ் டூ. விருதுநகர் பக்கம், தமிழ் மீடியம், கணிதம்–உயிரியல் குரூப். திருப்புதல் தேர்வில் இயற்பியல் மார்க் குறைந்துபோய், “மாமாகிட்ட பேசு” என்று அக்கா என்னிடம் தள்ளிவிட்டாள். ஊருக்குப் போயிருந்தபோது உட்கார்ந்து பேசினோம்.

“நாலு வாட்டி படிச்சேன் மாமா. வீட்ல படிக்கும்போது எல்லாம் தெரியுது. கொஸ்டின் பேப்பர் கைக்கு வந்தா ஒண்ணும் வர மாட்டேங்குது. எனக்கு ஞாபக சக்தியே கம்மின்னு நெனைக்கிறேன்.”

“சரி, புக்க மூடு. மின்மாற்றி எப்படி வேல செய்யுதுன்னு இந்தத் தாள்ல எழுது பாப்போம்.”

“இப்பவா? இன்னும் ஒரே ஒரு வாட்டி பாத்துட்டு எழுதுறேனே.”

வேண்டாம் என்றேன். பாதிப் படம் வந்தது. தத்துவம் ஒரு வரி வந்தது. ஆற்றல் இழப்புகளில் தாமிர இழப்பு மட்டும் ஞாபகம் இருந்தது. புத்தகத்தைத் திறந்தால் அந்தப் பக்கம் முழுக்க ரோஸும் பச்சையுமாக நான்கு கலரில் கோடு. சொன்னதையெல்லாம் சரியாகச் செய்திருக்கிறாள். நாலு மணிக்கு எழுந்திருக்கிறாள், அடிக்கோடு இட்டிருக்கிறாள், நாலு தடவை படித்திருக்கிறாள். எல்லாம் செய்தும் வரவில்லை என்றால் ஒரு பதினேழு வயசுப் பிள்ளை வேறு என்ன முடிவுக்கு வரும்? அறிவுரை தப்பு என்றா, தன் மண்டை சரியில்லை என்றா? இந்த வகை எழுத்தின் மேல் எனக்கு இருக்கிற பெரிய கோபம் இதுதான். அது தோற்கும்போது பழி எப்போதும் வாசித்தவர் தலையில் விழுகிறது.

அவள் சொன்ன ‘நாலு வாட்டி’ எனக்கு ஒரு பழைய சோதனையை ஞாபகப்படுத்தியது. 2006-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களுக்குச் சின்னச் சின்ன அறிவியல் பத்திகள் கொடுத்தார்கள். சூரியனைப் பற்றி ஒன்று, கடல் நீர்நாயைப் பற்றி ஒன்று. ஒரு குழு அதை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை மட்டும் படித்துவிட்டு, தாளை எடுத்துவிட்டு, ஞாபகம் இருப்பதை வெற்றுத்தாளில் மூன்று முறை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்களுக்கு 83 சதவீதம் ஞாபகம் இருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஆகா, படிப்பதுதான் சிறந்தது என்று தோன்றுகிறதல்லவா? ஒரு வாரம் கழித்துக் கேட்டார்கள். படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61.

இந்த எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. ஒரு வாரம் கழித்து எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று முன்கூட்டியே மாணவர்களிடம் கேட்டிருந்தார்கள். அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னது நான்கு முறை படித்த குழுதான். திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிவிடுகின்றன, பழகியது தெரிந்தது மாதிரி இருக்கிறது. ‘வீட்ல படிக்கும்போது எல்லாம் தெரியுது’ என்பது பொய் இல்லை. அது உண்மையான உணர்வு, தவறான அளவுகோல். சாஃப்ட்வேர்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அடுத்தவர் எழுதிய கோடை ஸ்க்ரோல் பண்ணிக்கொண்டே ‘ஆமா, ஆமா’ என்று தலையாட்டலாம். வெறும் திரையைத் திறந்து அதையே எழுதச் சொன்னால்தான் விஷயம் தெரியும்.

2013-ல் டன்லோஸ்கியும் நான்கு பேரும் சேர்ந்து பத்து படிப்பு முறைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்று பெரிய ஆய்வுக் கட்டுரை ஒன்று எழுதினார்கள். உயர்ந்த பயன் என்று மதிப்பிடப்பட்டவை இரண்டுதான். தன்னைத்தானே சோதித்துப் பார்ப்பது ஒன்று, படிப்பை ஒரே நாளில் குவிக்காமல் நாட்களில் பரப்பி வைப்பது மற்றொன்று. குறைந்த பயன் பட்டியலில் இருந்தவற்றில் அடிக்கோடு இடுவதும் மறுபடி படிப்பதும் உண்டு. அதாவது நம் டிப்ஸ் எழுத்தில் ‘எப்படி’ என்ற கேள்விக்கு இருக்கிற இரண்டே பதில்கள்.

இதையெல்லாம் சொன்னவுடன் ‘வெளிநாட்டுக்காரன் சொன்னாத்தான் நம்புவீங்களா’ என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. தன்னைச் சோதிப்பது நமக்குப் புதுசே இல்லை. அதற்குப் பெயர் ஒப்பித்தல். திண்ணைப் பள்ளிக்கூடம் முழுக்க அதில்தான் ஓடியது. புத்தகத்தைப் பக்கத்து பெஞ்ச் பையன் கையில் கொடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று சொல்வது. நாம் அதை ‘மக்கப்’ என்று கேலி பண்ணி ஒதுக்கினோம். புரியாமல் ஒப்பிப்பதைக் கேலி பண்ணியது சரி. ஆனால் அதில் இரண்டு விஷயங்கள் ஒட்டியிருந்தன. ஒன்று வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொல்வது, மற்றொன்று புத்தகம் பார்க்காமல் நினைவிலிருந்து எடுப்பது. முதலாவதை எறிகிறோம் என்று நினைத்துக்கொண்டு இரண்டாவதையும் சேர்த்து எறிந்துவிட்டோம். 1917-லேயே ஆர்தர் கேட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் பள்ளிப் பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்திருக்கிறார். நேரம் முழுவதும் படித்துக்கொண்டே இருந்தவர்களைவிட, பாதிக்கு மேற்பட்ட நேரத்தைப் பார்க்காமல் சொல்லிப் பார்ப்பதில் செலவழித்தவர்கள் நன்றாக ஞாபகம் வைத்திருந்தார்கள். அந்த ஆய்வின் தலைப்பிலேயே இருக்கிற சொல் ஒப்பித்தல்தான்.

அப்படியானால் ஏன் எந்த டிப்ஸ் கட்டுரையிலும் இது முதல் வரியாக வருவதில்லை? இரண்டு காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன.

முதலாவது, இந்த எழுத்துக்கு மூலப்பொருள் சாதனையாளர் பேட்டி. மாநில ரேங்க் அறிவிப்பதை 2017-ல் நிறுத்திவிட்டார்கள். பேட்டி நிற்கவில்லை, பள்ளி பேனரிலும் யூடியூபிலும் தொடர்கிறது. ‘எப்படிப் படிச்சீங்க?’ என்று மைக்கை நீட்டினால் அந்தப் பிள்ளை கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் சொல்லும். நாலு மணிக்கு எழுந்தேன், அம்மா காபி போட்டுக் கொடுத்தார், டி.வி. பார்க்கவில்லை. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு வருவித்தலை மனசுக்குள் ஓட்டிப் பார்த்ததை யாரும் பேட்டியில் சொல்வதில்லை, ஏனென்றால் அது படிப்பு என்றே அதற்குத் தெரியாது. அதே நாலு மணிக்கு எழுந்து, அதே காபி குடித்து, 300 மார்க் வாங்கியவனிடம் யாரும் மைக்கை நீட்டுவதுமில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. நம் பள்ளிகளில் டெஸ்ட்டுக்குப் பஞ்சமே கிடையாது. ஸ்லிப் டெஸ்ட், யூனிட் டெஸ்ட், காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் ஒன்று, இரண்டு, மூன்று. ஆய்வுகளின்படி பார்த்தால் உலகத்திலேயே சிறந்த முறையில் படிக்கிற பிள்ளைகள் நம்முடையவர்களாக இருக்க வேண்டும். ஆனால் அந்த டெஸ்ட் எப்படி நடக்கிறது? மார்க்கை வகுப்பில் சத்தமாக வாசிப்பார்கள். தாளில் அப்பா கையெழுத்து வாங்கி வர வேண்டும். குறைந்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும், அல்லது பத்து முறை இம்போசிஷன். டெஸ்ட் என்பது படிக்கும் கருவியாக இல்லாமல் போலீஸ் விசாரணையாக ஆகிவிட்டது. அப்படிப் பழகிய பிள்ளை வீட்டில் தனியாக இருக்கும்போது எதற்காகத் தனக்குத் தானே விசாரணை வைத்துக்கொள்ளும்? ‘இன்னும் ஒரே ஒரு வாட்டி பாத்துட்டு எழுதுறேனே’ என்பதில் இருந்தது சோம்பல் இல்லை, பயம். தெரியாதது தெரிந்துவிடுமே என்ற பயம். ‘பதற்றப்படாதே’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. யாரும் பார்க்காத, மார்க் போடாத, எழுதிவிட்டுக் கிழித்துப் போடக்கூடிய ஒரு தாள் அந்தப் பிள்ளைக்கு அனுமதிக்கப்பட்டதே கிடையாது.

கணக்குக்கும் இதே மாதிரி ஒரு பொறி இருக்கிறது. ‘ஒரு நாளைக்கு ஒரு பயிற்சி முடி’ என்பது எல்லா டைம் டேபிளிலும் இருக்கும். பிளஸ் டூ கணக்கில் பன்னிரண்டு அத்தியாயம், ஒவ்வொன்றிலும் வரிசையாகப் பயிற்சிகள். ஒரு பயிற்சியில் இருக்கிற பத்து கணக்கும் ஒரே மாதிரி. மூன்றாவது கணக்குக்குள் கை பழகிவிடும், மீதி ஏழும் ஓடும். ஆனால் பொதுத்தேர்வுத் தாளில் கணக்கின் நெற்றியில் ‘இது பயிற்சி இத்தனை’ என்று எழுதியிருக்காது. எந்த முறையைப் போடுவது என்று கண்டுபிடிப்பதே பாதிக் கணக்கு, அந்தப் பாதியை வீட்டில் போட்டுப் பார்த்ததே இல்லை. ரோரரும் டெய்லரும் 2007-ல் வெளியிட்ட சோதனையில் கன அளவுக் கணக்குகளை ஒரு குழுவுக்கு வகைவாரியாகவும், ஒரு குழுவுக்குக் கலந்தும் கொடுத்தார்கள். பயிற்சியின்போது வகைவாரிக் குழு 89 சதவீதம், கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் வகைவாரிக் குழு 20, கலந்து போட்டவர்கள் 63. மறுபடியும் அதே கதைதான். படிக்கும்போது சுகமாக இருப்பது தேர்வில் கைவிடுகிறது. இதைச் செய்வதற்குப் புது புத்தகம் எதுவும் வேண்டாம், ஐந்து அத்தியாயத்திலிருந்து ஆளுக்கு ஒரு கணக்கைப் பொறுக்கிச் சீட்டில் எழுதி டப்பாவில் போட்டுக் குலுக்கினால் போதும்.

போகிற போக்கில் இரண்டு பொய்களையும் சொல்லிவிடுகிறேன். ‘படித்தால் 10 சதவீதம், கேட்டால் 20 சதவீதம், அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்தால் 90 சதவீதம் ஞாபகம் இருக்கும்’ என்று ஒரு பிரமிடு படம் சுற்றுகிறது. எட்கர் டேல் என்பவர் 1946-ல் ஒரு கூம்புப் படம் போட்டார், உண்மைதான். அதில் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. எண்களை யாரோ பின்னால் ஒட்டவைத்தார்கள். எல்லாம் பத்தின் மடங்காக அழகாக இருக்கும்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அடுத்தது, ‘உங்கள் பிள்ளை பார்த்துப் படிப்பவரா, கேட்டுப் படிப்பவரா’ என்ற சோதனை. இதற்குக் காசு வாங்குகிற இடங்களும் உண்டு. பாஷ்லரும் மற்றவர்களும் 2008-ல் இருந்த ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, அந்தந்த ‘வகை’க்கு ஏற்றபடி பாடம் நடத்துவதால் பலன் உண்டு என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள்.

நாலு மணி விஷயம்தான் கொஞ்சம் நெருடலானது, ஏனென்றால் அதில் நம் ஆட்களுக்குப் பக்தியே இருக்கிறது. பருவ வயதில் உடலின் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப் போகிறது, தூக்கம் வருவதே தாமதமாகும் என்பது தெளிவாக நிறுவப்பட்ட விஷயம். 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-ல் பரிந்துரைத்தது. ராத்திரி ஒன்பதுக்குப் படுக்கிற வீட்டில் நாலு மணிக்கு எழுவது ஓரளவு சரி. பதினொன்றுக்குப் படுத்துவிட்டு நாலுக்கு எழுந்தால் அது ஐந்து மணி நேரம். படித்தது மூளையில் உறைவதே தூங்கும்போதுதான் என்கிறார்கள். அதையும் வெட்டிவிட்டு வல்லாரை சாப்பிட்டு என்ன பயன்?

‘காற்றோட்டமான தனி அறை’யைப் பற்றி என்ன சொல்ல. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு எழுதுகிற எத்தனை பிள்ளைகளுக்குத் தனி அறை இருக்கும் என்று எழுதியவர் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அந்த வரி வந்திருக்காது. ஒரே ஹால், அதில் டி.வி., தம்பி, பாட்டி, தையல் மெஷின். தனி அறை இல்லாத பிள்ளை அந்த வரியைப் படித்ததும் போட்டியில் முதல் ரவுண்டிலேயே தோற்றுவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதில் எனக்குப் பிடித்த அம்சமே இதுதான், அதற்கு அறை வேண்டாம். தண்ணீர்க் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது வீட்ஸ்டன் சமனச்சுற்றின் சமன் நிபந்தனையை வரவழைத்துப் பார்க்கலாம். வந்தால் சரி. வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய் எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

இந்த வகை எழுத்திலேயே ஒன்றை மட்டும் மரியாதையோடு சொல்வேன். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தயாரித்து வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ‘மினிமம் மெட்டீரியல்’. தனியார் பள்ளிக்காரர்கள் அதை நக்கல் பண்ணுவார்கள். ஆனால் அது நேர்மையான எழுத்து. இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70 மார்க், அதில் குறைந்தது 15 எடுக்க வேண்டும்; செய்முறை 20, அகமதிப்பீடு 10; மொத்தத்தில் 35 வந்தால் பாஸ். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, ‘ஃபெயிலாகிவிடுவோம்’ என்று நடுங்குகிற ஒரு பிள்ளையிடம் ‘இந்த இருபது கேள்வியை மட்டும் பார், கரை ஏறிவிடலாம்’ என்கிறது. வானத்தை எட்டிப் பிடி என்று அது சொல்வதில்லை. யாருக்காக எழுதுகிறோம் என்று அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. குறை ஒன்றுதான். கேள்விக்குக் கீழேயே விடையும் அச்சாகியிருப்பதால் அதையும் பிள்ளைகள் ‘நாலு வாட்டி’ படித்துவிட்டு மூடிவைக்கிறார்கள்.

நான் மேலே சொன்ன ஆய்வுகளுக்கும் எல்லை உண்டு. கடல் நீர்நாய்ப் பத்தியும் மின்காந்தத் தூண்டலும் ஒன்றல்ல. புரியாத பாடத்தை மூடிவைத்து எழுதினால் வெறும் தாள்தான் மிஞ்சும், முதலில் யாராவது புரியவைக்க வேண்டும். தப்பாக எழுதியதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் விட்டால் தப்பே பழகிவிடும் ஆபத்தும் இருக்கிறது. தேர்வுக்கு முந்தைய ராத்திரி ஒரு முறை புரட்டிப் பார்ப்பதில் பலன் இருக்கிறது என்பதை அந்த 83 சதவீதமே காட்டுகிறது. ஒரு ராத்திரிக்கு ஏற்ற மருந்தை மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுக்கிறார்கள் என்பதுதான் என் புகார்.

என் சேகரிப்பில் உருப்படியான ஒரு தாள் இருக்கிறது. யார் தயாரித்தது என்று பெயர் இல்லை, பலமுறை ஃபார்வர்ட் ஆகி எழுத்து மங்கிப்போன ஒரு பக்க பி.டி.எஃப். இயற்பியல் ஐந்து மார்க் கேள்விகளின் தலைப்புகள் மட்டும் இடது பக்கம் வரிசையாக: மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் மின்புலம், வான் டி கிராப் இயற்றி, சைக்ளோட்ரான், மின்மாற்றி… விடை எதுவும் இல்லை. வலது பக்கம் மூன்று காலிக் கட்டம், மேலே ‘பார்க்காமல் எழுதிய தேதி’ என்று தலைப்பு. அக்கா மகளுக்கு அதை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மார்க் போடுவதற்குக் கட்டம் இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். வேதியியலுக்கு அந்த மாதிரி ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை, புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து நானே தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். இப்போதைக்கு உலோகவியல் முடிந்திருக்கிறது, கரிம வேதியியலின் பெயர் வினைகள்தான் பாக்கி.